எட்டணா வாசலில் ஏழு இலைக்கட்டுகள்

பிள்ளைகளே, சந்தை நாளன்று காலை ஆறு மணிக்குத் திருவரங்குளத்தில் ஆரோக்கியம் அக்காளின் ஒற்றை மாட்டு வண்டியில் ஏறினேன். நான் உங்களுக்குச் சிலேட்டு வாங்கப் போனேன். அக்காள் ஏழு கட்டு வாழையிலை ஏற்றியிருந்தார். ஒன்பது மணிக்குள் புதுக்கோட்டை கீழ ராஜ வீதிக் கல்யாண வீட்டில் இறக்க வேண்டும். பிந்தினால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார்களாம். ஐந்து மைல் வழி.

எட்டு மணிக்குச் சந்தை வீதி முனையை அடைந்தோம். குறுக்கே புதிதாக ஒரு மூங்கில் தடுப்பு! பக்கத்துப் பலகையை உரக்கப் படித்தேன்: “சந்தை நாளில் காலை ஏழு முதல் பத்து வரை வண்டிக்கு எட்டணா. பத்துக்கு மேல் ஓரணா.”

அக்காள் முகம் சுருங்கிவிட்டது. “எட்டணாவா? குடுத்துட்டா எனக்கு எலைக்காம்புதான் தம்பி மிஞ்சும்.”

புளியமரத்தடியில் ஐந்து விறகு வண்டிக்காரர்கள் பத்து மணிக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் கருப்பையா என்பவர் சிரித்தார். “அவசரம்னா குடுங்க ஆத்தா. எங்க விறகு வாடவா போகுது?”

அப்போது ஓர் அரிசி லாரி வந்து, அதே எட்டணாவைக் கொடுத்துவிட்டு உள்ளே போயிற்று.

“அம்மாம் பெரிய லாரிக்கும் எட்டணா, என் ஒத்த மாட்டுக்கும் எட்டணாவா? என்னங்க நாயம் இது?” என்று தடுப்பருகே காசு வாங்கிக்கொண்டிருந்த வாசல்காரரைக் கேட்டார் அக்காள்.

“பலகையில போட்டபடிதாம்மா வாங்குறேன்.”

“அப்ப தலைச்சுமைக்கு?”

“அதுக்கு ஏது காசு? தலைச்சுமையால வீதி அடைபடவா போகுது?”

கருப்பையா எழுந்து துண்டைச் சும்மாடாகச் சுருட்டினார். “எந்திரிங்கடா! இங்கிட்டு ஒக்காந்து முட்டையா அடைகாக்குறீங்க?”

அவர்கள் ஐந்து பேர், அக்காள், நான். ஆளுக்கு ஒரு கட்டு. வாசல்காரரே சிரித்துக்கொண்டு மாடுகளைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே நுழைந்ததும் நான் மலைத்துப்போனேன். போன தடவை இதே வீதியில் வண்டிச் சக்கரங்கள் ஒன்றோடொன்று சிக்கி, முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். இந்தத் தடவையோ வீதி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தெரிந்தது. இத்தனை அகலமா இது! ஒரு கார் ஹாரனே அடிக்காமல் எங்களைக் கடந்து போயிற்று. எட்டரைக்கெல்லாம் கல்யாண வீட்டில் இலையை எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து அக்காள் ஆளுக்கு ஓரணா நீட்டினார். கருப்பையா கையை மடக்கிக்கொண்டார். “பத்து வரைக்கும் சும்மாதானே ஒக்காந்திருந்தோம். அதுக்குக் கூலியா ஆத்தா?”

எட்டணா அந்த வீதியைத் திறந்துவிட்டது, பிள்ளைகளே. நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அக்காளுக்கு வழி திறந்தவர்கள் மரத்தடியில் இருந்தவர்கள்.

சிலேட்டு வாங்கிவிட்டேன். என் சட்டைத் தோளில் வாழைக்கறை. உங்கள் அம்மா இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. இனித் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.