ஒரு நாள் தள்ளி வந்த விஷு

ஈரச் சாக்கு நாற்றம், டீசல் புகை... சேரம்பாடிக்கு அப்பால் அந்த ஆற்றங்கரையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க என் தலைமுடியில் இந்த இரண்டும்தான் வீசும். லீவில் கோத்தகிரிக்குப் போனால் அம்மா வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "மொதல்ல போய்த் தண்ணி வாத்துக்க கண்ணு, அப்புறம் பேசலாம்" என்பாள்.

இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கேரளா. நடுவே ஒரு பாலம். எங்கள் பாதியை நாங்கள் கட்ட வேண்டும், அவர்கள் பாதியை அவர்கள். நான் பிளானிங் இன்ஜினியர். எந்தத் தூண் எப்போது என்று சுவர் நீளத்துக்கு சார்ட் வரைந்து கலர் பென்சிலால் தீட்டுவது என் வேலை. மழைக்காலம் பிடிப்பதற்குள் தூண்கள் தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும். வராவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

இரண்டு மாநிலத்துக்காரர்களும் அடிக்கடி உட்கார்ந்து பேசுவோம். டீயும் பருப்பு வடையும் தவிர அங்கே எதுவும் ஒருமனதாக முடிவானதில்லை. அதிசயமாக ஒன்று மட்டும் முடிவானது. தண்ணீர் இறைக்கும் பம்புகளை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்வது, வெள்ளக் காவலை அவர்கள் பார்த்துக்கொள்வது. ஆறு அவர்கள் மலையிலிருந்துதானே வருகிறது... மேலே வளைவில் குஞ்ஞுமோன் என்று ஒருவர் காவலுக்கு இருப்பார். தண்ணீர் கலங்கி, சருகு அடித்துக்கொண்டு வந்தால் மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார். சத்தம் கேட்டதும் குழியில் இருப்பவர்கள் மேலே ஏறிவிட வேண்டும்.

குழி என்றால், ஆற்றுக்குள் மணல் மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டிய பள்ளம். அதில் கம்பி கட்டுகிறவர் செல்லையா. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை எல்லோரும் லைன் வீடு என்றால், அவரும் அவர் மனைவி மாரியாயியும் லயம் என்றுதான் சொல்வார்கள். ஒரே மகளை அக்கரை எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருந்தார். மழை தொடங்கினால் மூங்கில் தெப்பம் ஓடாது. மாதக்கணக்கில் மகள் முகத்தைப் பார்க்க முடியாது.

"பாலம் மட்டும் முடியட்டும் மிஸ். சோறு ஆறுறதுக்குள்ள போயி அவளைப் பார்த்துட்டு வந்துருவேன்" என்பார். எங்கள் எல்லோரையும் விட அந்தப் பாலம் அவருக்குத்தான் அவசரம்.

அந்த வருஷம் நமக்குச் சித்திரை ஒன்று ஒரு நாள், அவர்களுக்கு விஷு மறுநாள். சில வருஷம் அப்படி அமையும். வருஷப் பிறப்பன்று நாங்கள் லீவு. அன்று மாலை மேனேஜர் தங்கவேலு சார், பெருந்துறைக்காரர், என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நாளைக்கு அவிங்களுக்கு லீவு. பம்பு பூராத்தையும் இக்கரைக்குக் கொண்டாந்து போட்டா குழி நல்லாக் காஞ்சுபோயிரும். ரெண்டு நாள் வேலைய ஒரே நாள்ல முடிச்சுப்போடலாம்."

கேட்ட எல்லோருக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. பம்புக்காரர்கள் லீவு என்றால் காவல்காரரும் லீவுதான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மதியம்... எங்கள் தலைக்கு மேலே சுள்ளென்று வெயில். மேற்கே அவர்கள் மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. அத்தனை பம்பும் ஒன்றாக ஓடிய இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. ஆறு வந்த சத்தம் எங்கே கேட்கப்போகிறது? நாங்கள் நிமிர்ந்தபோது மணல் மூட்டைகள் சரிந்துகொண்டிருந்தன. ஏணிக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ஏறிவிட்டார்கள். தூர மூலையில் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்த செல்லையாவால் முடியவில்லை.

சாயங்காலம் அவர் உடல் அக்கரையில் ஒதுங்கியது.

குழி எங்கள் மாநிலம், உடல் அவர்கள் மாநிலம். எந்த போலீஸ் பார்ப்பது என்று போனில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது, தெப்பம் இல்லை. சுற்றிப்போகும் ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. மாரியாயி இக்கரையில் பாறைமேல் உட்கார்ந்து, அக்கரையில் பாய் போட்டு மூடியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்ததை வைத்துத்தான் அது தன் புருஷன் என்று அவருக்குத் தெரிந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. மகளுக்குக் கேட்டிருக்காது.

மரத்தை வெட்டி ஜீப் போவதற்குள் அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பெண்டாட்டி அங்கே போனபோது ஈர மண்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்ததும் குஞ்ஞுமோன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விஷு அல்லே மேடம்... நிங்களுக்கும் லீவுன்னு நெனச்சுப்போயி..." என்று சொல்லிவிட்டு அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. இயற்கைச் சீற்றம் என்று எழுதி முடித்த மேலதிகாரிகள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இப்போதெல்லாம் பிளானிங் முழுக்க கம்ப்யூட்டரில். எல்லை ஓரத்து வேலை எதுவானாலும் இரண்டு மாநில லீவையும் அதில் போட வைப்பேன். "மேடம், நம்ம சைட்டுக்கு எதுக்கு விஷு?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்... லீவைப் போட்டால் போதும்.

போன மாதம் அந்தப் பாலத்தில் காரில் போனேன். டிரைவர் பாட்டை மாற்றுவதற்குள் கேரளா வந்துவிட்டது. பாலம் திறந்த அன்று மாரியாயியோடு நான் நடந்து போனது ஞாபகம் வந்தது. மந்திரிகள் கார் போன பிறகு எங்களை விட்டார்கள். மகள் அந்த முனையில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். மாரியாயி கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டே மெதுவாக வந்தார். அக்கரையில் கால் வைத்ததும் திரும்பி, வந்த வழியைப் பார்த்தார்.

"இம்புட்டுக் கிட்டத்துலயா மிஸ் கெடந்தாரு?"

அந்தப் பாலம் எத்தனை மீட்டர் என்று எனக்கு மனப்பாடம்.