ஒரே வெயிலை இரண்டு நாள் எழுதியவர்

வெர்லின் ஹாப்பேக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ச் சோள விவசாயி. என் காப்பிக் கடையில் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கப் போய்விடுவார். அவர் வீட்டுப் பின்புறம், வெள்ளைப் பெட்டிக்குள், வானிலை ஆபீஸ் கொடுத்த வெப்பமானி இருந்தது; எட்டிய உச்ச வெயிலில் அதன் குறி நின்றுவிடும். சம்பளமில்லாத வேலை. நாற்பத்தோரு வருஷம் ஒரு நாள் விடாமல் பார்த்து எழுதினார். மகள் கல்யாணத்தன்றுகூடப் பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் தேவாலயத்துக்கு வந்தார்.

"பூமி சூடாகுதாம்! எங்கப்பா காலத்துல காயாத வெயிலா? வரும், போகும், சுத்திக்கிட்டே இருக்கும்" என்பார். காப்பி மேசையைச் சுற்றி உட்கார்ந்த எல்லாரும் தலையாட்டுவார்கள். நானும்தான்.

போன வசந்தத்தில் பக்கத்து நிலத்துக் கெய்லன், வாய்க்குப் பூட்டே இல்லாதவன், போனில் எதையோ காட்டினான். வெர்லின் எழுதிய பழைய வருஷங்களின் வெயிலை ஆபீஸ் தன் கணக்கில் குறைத்திருந்தது.

"பாத்தியா? அப்பத்த சூட்டைக் குறைச்சாத்தானே இப்பத்தது பெருசாத் தெரியும்! ஒண்ணு அவன் திருடன், இல்ல நீ பொய்யன்."

"யாருய்யா பொய்யன்?" வெர்லினுக்கு முகம் சிவந்துவிட்டது.

ஆபீசுக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தார். முதல் பதினாறு வருஷம் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்த்தீர்கள், பிறகு காலை ஏழுக்கு மாறினீர்கள், அதற்குத்தான் திருத்தம் என்றார்கள். "நேரம் மாறினா வெயில் மாறுமா?" என்று கத்திவிட்டு வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? இன்னொரு பெட்டி செய்து, அதே மாதிரி வெப்பமானி வைத்து, பக்கத்திலேயே நட்டார். ஒன்றைக் காலையிலும் மற்றதைச் சாயங்காலமும் பார்த்தார். "நின்னுக்கிட்டேதான் சாப்பிடறாரு. எனக்குப் பைத்தியம் பிடிக்குது" என்றாள் அவர் மனைவி ஆர்லிஸ்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை நூற்று நாலு டிகிரி. ஐந்து மணிக்குச் சாயங்காலப் பெட்டியைப் பார்த்து எழுதிவிட்டு, உச்ச வெயிலைக் காட்டும் குறியை மறுநாளுக்காக இறக்கி வைத்தார். அப்போதும் வெயில் நூற்றிரண்டு. அதற்குக் கீழே குறி இறங்கவில்லை. விடியுமுன் மழை பிடித்தது. புதன்கிழமை எண்பதைத் தாண்டவே இல்லை. ஆனால் அன்று சாயங்காலப் பெட்டி நூற்றிரண்டு என்றது. வியாழன் காலை மற்றப் பெட்டியைத் திறந்தார். எண்பது. செவ்வாயின் வெயில் புதன் கணக்கிலும் ஏறியிருந்தது. பதினாறு வருஷமும் இப்படித்தான் ஏறியிருக்கும்.

சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. நேரே கடைக்கு வந்து சொன்னார்.

"நான் பொய் எழுதல. ஆனா ஒரே வெயில ரெண்டு நாள் எழுதியிருக்கேன். அவங்க குறைச்சது சரிதான்."

"அப்ப உன் சுத்தல் கதை?" என்றார் மேசையில் ஒருவர்.

"சுத்தலும் இருக்கு. அதுக்கு மேலயும் சூடு ஏறியிருக்கு. அது ஆபீஸ் ஏத்திக் காட்டினதுன்னு இனி என் எழுத்தைக் காட்டிப் பேசாதீங்க."

"ஆபீசுல எவ்வளவு குடுத்தாங்க?" என்றான் கெய்லன். மேசை சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே காப்பி ஊற்றினேன்.

வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முகம் பார்க்காத ஆபீஸ்காரர்கள் நாற்பத்தோரு வருஷம் அவர் எழுத்தை நம்பினார்கள். தினமும் கூட உட்கார்ந்த நாங்கள் அந்த ஒரு நாள் அவர் வார்த்தையை நம்பவில்லை. அவர் பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை. வரச் சொல்ல எனக்கு முகமும் இல்லை.