ரோடு போட்ட வருஷம்

எங்கள் காலனியில் எந்தப் பேச்சை எடுத்தாலும் "ரோடு போட்டதுக்கு முன்னால", "ரோடு போட்டதுக்கு அப்புறம்" என்றுதான் கணக்குச் சொல்வார்கள். மலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் நாலு வீடாகத் தொடங்கிய இடம், அந்த வருஷம்தான் மூன்று தெருவாகி, ஆட்டோ உள்ளே வருகிற அளவுக்கு வளர்ந்தது. அப்போது காலனிச் சங்கத்துக்கு நான் செயலாளர். அந்த வருஷத்தைப் பற்றிப் பேச இன்றும் என்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். போக எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று காலனியில் ஒருவருக்கும் தெரியாது.

எங்களுக்குக் கீரையும் வாழைப்பழமும் கொண்டுவருகிற அம்மாள் ஒருவர் உண்டு. மலைக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தலையில் கூடையோடு வருகிறவர், என் வீட்டுக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அடுத்த வீட்டைத் தாண்டிய பிறகுதான் மறுபடி மாட்டுவார்.

நான் ராசிபுரம் பக்கத்திலிருந்து மலைக்கு வாத்தியாராக வந்தவன். ஏற்றத்தாழ்வு கூடாது என்று வகுப்பில் தொண்டை வறளப் பேசியவன். "செருப்பைப் போட்டுக்கிட்டே வாங்கம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். "இருக்கட்டுங்க சாமி" என்றார். அதற்குமேல் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. காலையில் காபி டம்ளரோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கூடையை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ரோட்டுக்கு ஜல்லி வந்து இறங்கிய அன்று அவர் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க சாமி, உங்க ஊட்டு முன்னால இந்த எடத்த மட்டும் மண்ணாவே உட்ர முடியாதுங்களா?"

கூடையை இறக்கி வியாபாரம் பார்க்க இடம் கேட்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நடுவுல விட்டா அது ரோடாம்மா?" என்று சிரித்தேன். மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனார்.

திறப்பு விழாவில் எனக்கு மைக் கிடைத்தது. கேட்க வேண்டுமா? "நம்மைக் கண்டு செருப்பைக் கழற்றுகிற பழக்கம் இன்றோடு ஒழியட்டும். இந்த ரோடு எல்லோருக்கும் பொது" என்று முழங்கினேன். பலத்த கைதட்டல். அந்த அம்மாள் பின்வரிசையில் நின்றிருந்தார். அத்தனை பேரும் திரும்பி அவர் காலைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை அவர் செருப்போடு என் வீட்டைக் கடந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிட்டு நிறுத்தி, "இதுதாம்மா சரி. இனிமே யாருக்கும் பயப்படாதீங்க" என்றேன்.

"பயமெல்லாம் இல்லீங்க சாமி. இது எங்க களமுங்க. எங்கப்பன் காட்ட வித்துப்போட்டாலும் களம் களந்தானுங்களே. சாமை அடிச்ச எடத்துல செருப்புக் காலோட நடக்க மாட்டோமுங்க." காலடியில் கிடந்த கான்கிரீட்டைப் பார்த்தார். "இப்பத்தான் மூடிப்போட்டீங்களே. கல்லு கொட்டுன அன்னிக்கே கும்புட்டுட்டுப் போயிட்டனுங்க. சிறுகீரை வேணுங்களா?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அத்தனை வருஷம் எனக்கென்று நினைத்து வாங்கிக்கொண்டிருந்த மரியாதை எனக்கு வந்ததே இல்லை. மண்ணுக்கு வந்ததை நான் வாசலில் உட்கார்ந்து அனுபவித்திருக்கிறேன். அந்த மண்ணையும் நானே முன்நின்று மூடினேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்த இடம் தப்பித்திருக்கும். கீரையை வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "சார், உங்க பேச்சு வேலை செஞ்சிருச்சு. அந்தம்மா செருப்போட போகுது, பாத்தீங்களா?" என்று கையை நீட்டினார்.

"ஆமாங்க" என்று சொல்லி அந்தக் கையைக் குலுக்கினேன்.