கிணற்றுப் பேய்க்குப் பத்தாவது தட்டு

என் முடி இடுப்புக்குக் கீழே இறங்கும். எனக்குப் பேய் வேலை கிடைத்ததற்கு அதைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் இல்லை.

பாகூர்ப் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். அந்தக் கோடையில் மெஷின் மாற்றுகிறோம் என்று சொல்லி எங்கள் பிரிவை மட்டும் ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வாரம் நன்றாகத் தூங்கினேன். இரண்டாவது வாரம் அலமாரிகளை எல்லாம் கவிழ்த்துத் துடைத்தேன். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மடுகரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே கூடம் முழுக்கக் கை ஒடிந்த பொம்மைகளும் தெர்மாகோல் மண்டையோடுகளும் கிடந்தன. நடுவில் என் அக்கா வீட்டுக்காரர், கையில் வெள்ளை பெயின்டோடு உட்கார்ந்திருந்தார்.

மாமா கல்யாண மேடைக்கும் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் செட் போடுகிறவர். பாகூர்த் திருவிழாவை ஒட்டி ராட்டினம், பைக் சுற்றும் மரணக்கிணறு என்று பொருட்காட்சி போடும் கான்ட்ராக்டர், அந்த முறை பேய் வீட்டை அவரிடம் ஒப்படைத்திருந்தார். வருஷா வருஷம் ஒரு எலும்புக்கூடு, ஒரு சிவப்பு பல்பு, ஒரு அலறல் சத்தம். ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. மாமா இந்தத் தடவை உலகத்தில் உள்ள பேர்போன பேய் இடங்களை எல்லாம் பாகூருக்கே கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். ஒரு மாதமாகப் போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அக்கா சலித்துக்கொண்டாள். கறிக்குழம்பு கொதிக்கும்போதுகூட, மெக்சிகோவில் இப்போது என்ன நேரம் தெரியுமா என்று கேட்கிறாராம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தை அல்ல, முடியை.

"ஜப்பான் பேய்க்கு ஆள் கெடைக்கலம்மா," என்றார். "விக்கு வெச்சா பொய்யா தெரியும். நீ வாயேன்."

அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். எனக்கும் சிரிப்புதான். ஆனாலும் மறுநாள் மூன்று மணிக்கெல்லாம் பாகூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

தகரக் கொட்டகைக்குள் ஐந்து அறைகள். முதலில் ராஜஸ்தான் மலையடிவாரத்துப் பாழ்கோட்டை. இளவரசி மேல் ஆசைப்பட்ட மந்திரவாதி ஒருவன் அவள் பூசும் வாசனைத் தைலத்தில் மந்திரம் வைத்தானாம். அவள் அதை ஒரு பாறை மேல் கொட்ட, அந்தப் பாறையே உருண்டு வந்து நசுக்கி அவன் செத்தான், சாகும்போது இட்ட சாபத்தில் ஊரே அழிந்தது. இன்றைக்கும் பொழுது சாய்ந்தால் உள்ளே யாரையும் விடுவதில்லை. மாமா அந்த அறையில் அத்தர் தெளிக்கச் சொல்லியிருந்தார். பேய் வீட்டுக்குள் போய் வந்தவர்கள் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்களைப் போல மணந்தார்கள்.

அடுத்தது பாரிஸ் நகரத்துக்கு அடியில் ஓடும் எலும்புச் சுரங்கம். கல்லறைகள் நிரம்பி வழிந்ததால் எலும்புகளைக் கொண்டுபோய் அடுக்கிவைத்த இடம். அங்கே தனியாக வழி தவறினால் சுவர்கள் பேசுமாம். மூன்றாவது மெக்சிகோவின் பொம்மைத் தீவு. கால்வாயில் மூழ்கிப்போன ஒரு சிறுமியின் ஆவிக்காக, அங்கே காவல் இருந்த ஒருவர் கண்ணில் பட்ட பொம்மைகளை எல்லாம் மரத்தில் கட்டித் தொங்கவிட்டார் என்பது கதை. நான்காவது லண்டன் கோட்டையில், ராஜாவால் தலை வெட்டப்பட்ட ராணி. தன் தலையைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பவள். செல்லிப்பட்டிலிருந்து வந்த ஒரு பைக் மெக்கானிக்தான் ராணி. நல்ல உயரம். அவர் தலையும் உள்ளே மறையும்படி கவுனை மேலே தூக்கித் தைத்திருந்ததால் அதன் வயிற்றருகே இருந்த சின்னத் துளை வழியாகத்தான் பார்ப்பார். முதல் நாளே கவுனுக்குள் அவர் போன் அடித்து, "அண்ணே, செயின் லூசா இருக்குது" என்று ஸ்பீக்கரில் யாரோ பேச, லண்டன் கோட்டை சிரிப்பில் கலகலத்துப் போனது.

கடைசி அறை என்னுடையது. ஜப்பானில் ஒரு கோட்டையில் வேலைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். எஜமான் வீட்டுப் பரம்பரைத் தட்டுகள் பத்தைப் பத்திரமாக வைத்திருப்பது அவள் பொறுப்பு. ஒரு தட்டைக் காணோம் என்று பழி போட்டு அவளைக் கொன்று கிணற்றில் எறிந்தார்கள். அன்றிலிருந்து கிணற்றுக்குள்ளிருந்து அவள் தட்டுகளை எண்ணுகிறாள். ஒன்பது வரை எண்ணுவாள். பத்து இல்லை. அலறுவாள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

சிமென்ட் உறை இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கிணறு செய்திருந்தார் மாமா. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு டேபிள் ஃபேன், ஒன்பது எவர்சில்வர் தட்டு. ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் வெள்ளைச் சேலையோடு மெல்ல எழுந்து, முடியை முகத்தில் விட்டுக்கொண்டு, ஒவ்வொரு தட்டாக உறையின் விளிம்பில் தட்டி எண்ண வேண்டும். கம்பெனியில் பத்து அட்டை போட்டால்தான் ஒரு டப்பா. கை பத்துக்குப் பழகியது. ஒன்பதில் நிறுத்தும்போது கை தானாக அடுத்த தட்டைத் தேடும். அதனால் அலறல் தானாக நன்றாக வந்தது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர், நான் அங்கே இருப்பது தெரிந்தே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்பது முடிந்து நான் கத்தியதும் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். ராத்திரி சாப்பிடும்போது, செருப்பு அறுந்துபோய்விட்டது என்று சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன்.

அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. கம்பெனியில் சத்தமாகப் பேசினாலே சூப்பர்வைசர் பார்ப்பார். இங்கே தொண்டை கிழியக் கத்தினால் மாமா உறையைத் தட்டிப் பாராட்டினார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பொழுது இன்னும் சாயவில்லை, மணப்பட்டிலிருந்து தினமும் பாகூருக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தர் உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும். மீன் விற்று முடித்த கையோடு, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனியாக. தனியாக வருகிறவர்கள் குறைவு. வந்தால் சுவரை ஒட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இந்த அம்மா சந்தையில் நடப்பதுபோல நடந்து வந்து என் கிணற்றுக்கு முன்னால் நின்றார். நான் எண்ணினேன். ஒன்பதில் அலறினேன். அவர் நகரவில்லை. மறுபடி எண்ணி மறுபடி அலறினேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு உறையின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"இன்னாம்மா காணோம்?" என்றார்.

பேய் பேசலாமா கூடாதா என்று மாமா எனக்குச் சொல்லித்தரவில்லை. முடிக்குள்ளிருந்தே, "தட்டு," என்றேன்.

"ஒரு தட்டுக்கா இந்தக் கத்து கத்துற?"

ஒரு தட்டுக்காகத்தான் கொன்றார்கள் என்று சொன்னேன். எப்படியோ முழுக் கதையும் என் வாயிலிருந்து வந்துவிட்டது. பழி போட்டது, கிணற்றில் எறிந்தது, எத்தனையோ வருஷமாக எண்ணிக்கொண்டிருப்பது எல்லாம். அந்த அம்மா உச்சுக் கொட்டிக்கொண்டே கேட்டார். பின்னால் வந்த கும்பல் ராணியின் அறையில் நெரிபட்டுக்கொண்டு நின்றது.

"இவ்ளோ வருஷமா ஒருத்தர்கூட இன்னா வேணும்னு உன்னக் கேக்கலையா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மீதி நேரம் முழுக்க அந்தக் கேள்வியே எனக்குள் ஓடியது. எங்கள் பக்கம் ஒருவர் மேல் ஆவி இறங்கினால் வீட்டார் முதலில் கேட்பதே அதுதான்: யாரு நீ, உனக்கு இன்னா வேணும். புடவை வேண்டும் என்றால் புடவை, கோழிக்குழம்பு வேண்டும் என்றால் கோழிக்குழம்பு. வாங்கிக்கொண்டு அதுவும் மரியாதையாகப் போய்விடும். லண்டனிலும் ஜப்பானிலும் கோட்டை கட்டி, காவல் போட்டு, டிக்கெட் விற்று வேடிக்கை பார்க்கிறார்களே தவிர, இப்படி ஒரு வார்த்தை கேட்டவர்கள் யாரும் இல்லையா? பொம்மை கட்டிய அந்த மெக்சிகோக்காரர் ஒருவர்தான் ஏதோ செய்திருக்கிறார் என்று தோன்றியது.

மறுநாள் அதே நேரத்துக்கு அந்த அம்மா வந்தார். நான் எட்டை எண்ணி ஒன்பதை எண்ணிக் கத்துவதற்கு மூச்சை இழுத்தேன். அதற்குள் கூடையிலிருந்து ஒரு தட்டை எடுத்து உறை மேல் வைத்தார். புதுத் தட்டு. ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை.

"பத்து," என்றார். "எண்ணிப் பாத்துக்க. இனிமே கத்தாத, தொண்ட புண்ணாயிடும்."

இழுத்த மூச்சு என்ன ஆனதோ தெரியவில்லை. முடியை இரண்டு கையாலும் விலக்கி அவரைப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பின்னால் நின்ற காலேஜ் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கை தட்டினார்கள். சத்தம் கேட்டு ராணியே தலையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் ஸ்டூலில் ஏறி, உறையைத் தாண்டி, கிணற்றை விட்டு வெளியே வந்தேன். அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். மீன் வாசனையும் அத்தர் வாசனையும் கலந்து அடித்தது.

கான்ட்ராக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. பயப்படத்தானே டிக்கெட், பேய் வெளியே வந்து பேசிக்கொண்டிருந்தால் என்ன பிழைப்பு என்று மாமாவிடம் குதித்தார். தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாளையிலிருந்து ஒழுங்காகக் கத்தச் சொன்னார். தட்டைத் திருப்பிக் கொடுக்க நானும் பார்த்தேன். பேய்க்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார்.

மாமா மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜப்பான்காரர்கள் இந்தக் கதையைப் பல விதமாகச் சொல்கிறார்களாம். அதில் ஒன்றில், அவள் ஒன்பது எண்ணி முடித்ததும் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் "பத்து" என்று உரக்கச் சொல்கிறாராம். கணக்குச் சரியாகிவிட்டது என்று அந்தப் பெண் நிம்மதியாகப் போய்விட்டாளாம். மாமா அதை இரண்டு தரம் படித்துக் காட்டினார்.

"மணப்பட்டுக்கும் ஜப்பானுக்கும் ஒரே கடல்தானப்பா," என்றார் ராணி, வயிற்றுத் துளை வழியாக.

கான்ட்ராக்டர் முறைத்தார். ஆனால் மறுநாள் என்ன நடந்தது என்றால், காலேஜ் பிள்ளைகள் இந்தச் சங்கதியை வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் ஒன்பது என்று சொல்லி வாயைத் திறக்கும் முன் கொட்டகைக்குள் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக "பத்து" என்றார்கள். தகரம் அதிர்ந்தது. அடுத்த கும்பலும் அப்படியே. அதற்கு அடுத்ததும். வெளியே டிக்கெட் வாங்கும் வரிசையிலேயே என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். கத்துவதை விட்டுவிட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிணற்றுக்குள் இறங்கப் பழகிக்கொண்டேன். எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மண். அவர்கள் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் என் அறைக்கு மூன்று முறை வந்தார். பாரிஸில் பாதி ஆயுசு இருந்தும் அந்த எலும்புச் சுரங்கத்தைப் பார்க்காமலே வந்துவிட்டதாகவும், பாகூரில் பார்த்தது போதும் என்றும் மாமாவிடம் சொன்னாராம். வரிசை ராட்டினம் வரைக்கும் போனதும் கான்ட்ராக்டர் தானே டிக்கெட் கிழிக்க வந்து நின்றார்.

திருவிழாவின் கடைசி நாள், குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று கொட்டகைக்கு எதிரில் வந்து நின்றது. அந்த மீன்கார அம்மா முன்னால் இறங்கினார். பின்னால் மணப்பட்டுப் பெண்கள் ஒரு வண்டி நிறைய, தலை நிறையப் பூவோடு. உள்ளே போனவர்கள் சுலபத்தில் வெளியே வரவில்லை. பாழ்கோட்டையில் இளவரசியின் கட்அவுட்டிடம், அந்த எண்ணெயைக் கொட்டினதுதான் சரி என்று ஒருவர் சொல்லிவிட்டு வந்தார். பொம்மைத் தீவில் இரண்டு பேர் நின்று, தொங்கிய பொம்மைகளுக்குக் கவுனைச் சரிசெய்து, முடியைக் கோதிவிட்டார்கள். நான் கிணற்றை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். லண்டன் கோட்டையில் ராணியைச் சுற்றி வளைத்து நின்றார்கள். தலை வெட்டுப்பட்டவளை நிற்கவைத்து யாரும் பேசியதில்லையாகையால் மெக்கானிக் திகைத்துப்போயிருந்தார்.

"உனக்கு இன்னாம்மா வேணும்?" என்று கேட்டார் மீன்கார அம்மா.

கவுன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தது.

"ஒரு டீ சொன்னா நல்லா இருக்கும்," என்றார் ராணி.

கான்ட்ராக்டரே எதிர்க்கடையில் சொல்லி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். கிணற்று உறையைச் சுற்றி நின்றும் உட்கார்ந்தும் குடித்தோம். ராணி மட்டும் கவுனைக் கழற்ற நேரமில்லாமல், வயிற்றுத் துளை வழியாக டம்ளரை உள்ளே வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து, சர்க்கரை பத்தவில்லை என்று குரல் வந்தது.