கால் உழக்கும் உரிமை

எங்கள் வீட்டில் அம்மாவின் கால்களை உழக்கும் உரிமை எனக்கே உரியதாக இருந்தது. வாழைத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிவிட்டு வந்த பின்னேரங்களில் அம்மா பாயிலே குப்புறப் படுத்துக்கொள்வார். நான் சுவரைப் பிடித்தபடி அவருடைய கெண்டைக்கால்களின்மேல் ஏறி நின்று மெல்ல மெல்ல மிதிப்பேன். எங்கள் ஊரான நீர்வேலியிலே பல வீடுகளிலும் பிள்ளைகள் செய்த வேலைதான் அது. நான் அதனை ஒரு பதவியாகவே கருதியிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மாவுக்குப் புற்றுநோய் கண்டது. அந்தச் சொல்லை எங்கள் காதில் விழவிடாமல், "மருந்து ஏத்துறது" என்று மட்டுமே பெரியவர்கள் கதைத்தார்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை தகப்பனாரான ஐயா அவரை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிச் செல்வார். திரும்பி வந்தபின் முகம் கழுவுவதற்கும் அம்மாவுக்கு அமர்ந்துகொள்ளக் கதிரை வேண்டியிருந்தது. இரண்டு வெங்காயம் உரித்தால் சற்று நேரம் கண்ணை மூடிக் கிடப்பார். சமையலுக்கென வந்து தங்கியிருந்த பெரியம்மா, "ஒரேயடியாச் செய்யாதை, ஆறி ஆறிச் செய்" என்று அடக்குவார்.

களைப்பினும் கொடியது தசைப்பிடிப்பு. நினையாத வேளையில் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். அப்போது பாதத்தை முழங்காற் பக்கமாக மெதுவாக வளைத்துப் பிடிக்கும்படியும், இளஞ்சூட்டில் துணி வைக்கும்படியும் ஆசுப்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பாதத்தைப் பிடிக்க அம்மா அழைத்தது என்னையல்ல, ஆறு வயதுத் தங்கச்சியை.

அவள் அம்மாவின் குதிக்காலை மடியில் ஏந்தி, இரண்டு உள்ளங்கைகளாலும் விரல்களைத் தள்ளியபடி, கதவடியில் நின்ற என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் பொறுக்க முடியவில்லை. வலி தீர்ந்ததும் அம்மா கதலிப்பழம் ஒன்றை உரித்துப் பாதியை அவளுக்குக் கொடுப்பார். மற்றப் பாதியை எனக்கு நீட்டினாலும் நான் வாங்கமாட்டேன்.

ஒருநாள் பெரியம்மா தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போயிருந்தார். நான் அம்மாவிடம் சென்றேன்.

"அம்மா, நான் உழக்கிவிடட்டே?"

"வேண்டாம் பிள்ளை. இப்ப உழக்கக்கூடாதாம்."

"அவளெண்டால் விடுவியள். என்னைத்தான் விடமாட்டியள்."

அம்மா தன் கெண்டைக்கால்களை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு, "சரி, பாயை விரி" என்றார்.

பல கிழமைப் பொறாமையையும் கால்களில் இறக்கி மிதித்தேன்.

"சுகமாயிருக்குதே அம்மா?"

"ஓம்."

"தங்கச்சி பிடிக்கிறதை விடவோ?"

"ஓம் பிள்ளை. அவளுக்கு உன்ரை பலம் எங்கை?"

அதைக் கேட்டதும் இன்னும் ஊன்றி மிதித்தேன். அம்மாவின் விரல்கள் பாயின் ஓரத்தை இறுகப் பற்றியிருந்தன. அதனைச் சுகத்தின் அடையாளம் என்றே கொண்டேன்.

மறுநாட் காலை ஈரத்துணியால் கால் துடைக்க வந்த பெரியம்மா திடுக்கிட்டார். இரண்டு கெண்டைக்கால்களும் நாவற்பழ நிறத்தில் கன்றிக் கிடந்தன.

"உதென்னடி? ஆர் செய்தது?"

"கிணத்துக்கட்டிலை இடிச்சுப்போட்டன்."

"இரண்டு காலும் பின்பக்கமாவோ?"

"இடிபட்டிட்டுது. விடுங்கோவன் அக்கா."

ஐயா உடனே ஆசுப்பத்திரிக்குக் கூட்டிச் சென்றார். இரத்தத்தைச் சோதித்து, மருந்தினால் இரத்தம் உறையும் வலு குறைந்துவிட்டது என்று சொல்லி, அடுத்த மருந்தை ஒரு கிழமை தள்ளிவைத்தார்கள். வீடே அஞ்சியிருந்த அந்தக் கிழமையிலே நான் மட்டும் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

"அம்மா எனக்காகப் பொய் சொன்னவ. உனக்காகச் சொல்லுவாவோ?" என்று தங்கச்சியைக் கேட்டேன். அவள் விம்மி அழுதாள்.

நான் வென்றுவிட்டதாகவே நம்பினேன். மருந்து ஏறிய உடம்பு ஒரு பிள்ளையின் பாரத்தையும் தாங்காது என்பதை அம்மா அறிந்திருந்தார் என்பதோ, அறிந்துகொண்டே பாயை விரிக்கச் சொன்னார் என்பதோ அன்றைக்கு என் புத்திக்கு எட்டவில்லை.