அஞ்சாவது டேங்க் எங்கே இருக்கிறது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று வீட்டில் ஒரு பேர் உண்டு. அதிலும் கம்ப்யூட்டர் திரை 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று பச்சை எழுத்தில் காட்டிவிட்டு, நேரில் போய்ப் பார்த்தால் வேறு என்னமோ நடந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆலைகளில் மோட்டாரையும் வால்வையும் ஓட்டுகிற கண்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதுவது என் தொழில். பல வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் அதைத்தான் செய்தேன். கணவருக்குத் திருவண்ணாமலையில் வாத்தியார் வேலை, எனக்கும் பிறந்த ஊர் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தருக்கொருத்தர் கையாட்டுகிற குடித்தனம் அலுத்துப்போனது. வேலையை விட்டுவிட்டு செங்கம் ரோட்டில் ஒரு அறை பிடித்துச் சொந்தமாகத் தொடங்கினேன். மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் தியானம் செய்வார்கள். கீழே நான் போனில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். 'கோயில் ஊர்ல இதுக்கெல்லாம் யாரு வருவாங்க?' என்று கேட்காதவர் பாக்கி இல்லை.

வந்தார் ஒருவர். ஊருக்கு வெளியே புதிதாகப் பால் பதப்படுத்தும் ஆலை கட்டியவர், கறாரான ஆசாமி. "பௌர்ணமிக்கு முன்னாடி ஓடணும்மா. அன்னிக்கு ஊர்ல பாலு ஜாஸ்தி போவும். ஓடலைனா சொல்லிடு, மெட்ராஸ் ஆளுங்களையே பாத்துக்கறேன்" என்றார். அதே நேரம் பார்த்துப் பழைய கம்பெனியும் திரும்ப வரச்சொல்லிக் கூப்பிட்டது. அவர்களும் பௌர்ணமிக்குள் பதில் கேட்டார்கள். ஆலை ஓடினால் இந்த ஊர், ஓடாவிட்டால் மறுபடி ஞாயிற்றுக்கிழமை பஸ் என்று நானும் கணவரும் பேசி வைத்துக்கொண்டோம். அவர் சாமி படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதலாக நின்றார்.

ஆலையின் வயரிங் படம் சென்னையில் ஒரு டிசைனர் வரைந்தது. எந்த வால்வின் வயர் எங்கே வந்து சேர்கிறது என்கிற விவரமெல்லாம் அவருடைய படம் வரையும் சாஃப்ட்வேரில் இருக்கும். அது என் புரோகிராம் சாஃப்ட்வேருக்கு வர வேண்டும். முன்பெல்லாம் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டுவோம், கண் பூத்துவிடும். இப்போது அங்கே ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட், இங்கே இம்போர்ட். சம்பந்தி வீட்டுச் சீர்வரிசை மாதிரி எல்லாம் அடுக்கடுக்காக வந்து இறங்கிவிடும். இறங்கியது. ஒரு தப்பும் இல்லை என்று பச்சை எழுத்தும் வந்தது.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலையில் டேங்குகளில் தண்ணீர் நிரப்பி வெள்ளோட்டம் பார்த்தோம். கொட்டகை நடுவில் எட்டு டேங்க், நான்கு நான்காக இரண்டு வரிசை. ஒவ்வொன்றின் மேலும் பெரிதாக நம்பர் எழுதியிருந்தது. ஒன்று முதல் நான்கு வரை சொன்னபடி கேட்டன. முதலாளி சலவை வேட்டியோடு எட்டாவது டேங்குக்குக் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரையில் அஞ்சைத் தட்டினேன். எட்டின் அடி வால்வு திறந்துகொண்டது.

"அஞ்சுன்னு சொல்லிட்டு எட்டுல வுடுறியேம்மா!" என்று அவர் சொட்டச் சொட்டக் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதுதான் கஷ்டம். ஆறைத் தட்டினால் ஏழு கொட்டியது.

கணினியை விட்டுவிட்டு எழுந்து டேங்குகளை ஒரு சுற்று சுற்றி வந்தேன். வாசலில் ஒன்று. அந்த வரிசை நான்கில் முடிகிறது. திரும்பினால் நான்குக்குப் பின்னால் அஞ்சு. அப்படியே வந்தால் எட்டு, மறுபடி வாசல். சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுக்குப் பின்னால் அஞ்சு, நான்குக்குப் பின்னால் எட்டு.

டிசைனருக்குப் போன் போட்டேன்.

"மேல நாலு, கீழ நாலு, வரிசையாத்தானே மேடம் போட்டிருக்கேன். நீங்க எப்படி எண்ணுனீங்க?"

"வலமா."

"ஏன் மேடம் சுத்தணும்?"

எப்படி எண்ணுவது என்று யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. பெயிண்டர் பிரஷ்ஷோடு வலம் வந்திருக்கிறார், நான் அதைப் பார்த்து வலமாகவே புரோகிராம் எழுதியிருக்கிறேன். மலையைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு வேறு விதமாக எண்ணத் தோன்றவில்லை. இரண்டு சாஃப்ட்வேரும் அஞ்சுக்கு அஞ்சு என்று பேரைப் பார்த்துக் கை குலுக்கிக்கொண்டன. அந்த அஞ்சு எங்கே நிற்கிறது என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்?

"நம்பரை அழிச்சு வேற எழுதிடுங்க" என்றார் டிசைனர். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, "அதெல்லாம் முடியாதுங்க. எட்டு முடிஞ்சா வாசல்ல வந்து நிக்கணும்" என்றார்.

"அப்ப நடுவுல அந்த ஃபைல்ல நாலு டேங்க் பேரை மாத்திக்குங்க மேடம், ரெண்டு நிமிஷ வேலை."

அங்கேதான் எனக்கு ஏறியது. "ஃபைல்ல மாத்தினா உங்க படம் ஒண்ணு சொல்லும், என் புரோகிராம் ஒண்ணு சொல்லும். நாளைக்கு ஒரு எலக்ட்ரீஷியன் படத்தை நம்பி தப்பான வயர்ல கை வுடுவான். உங்க படத்துல மாத்துங்க. திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்." இருந்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். ஃபைல் வந்தது, இம்போர்ட் செய்தேன், பழைய பச்சை எழுத்து. இந்தத் தடவை அதை நம்பாமல் முதலாளியைத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

அஞ்சைத் தட்டினேன். அஞ்சு திறந்தது. வேட்டியைப் பிழிந்துகொண்டே முதலாளி, "அடுத்து ஐஸ்கிரீம் போடலாம்னு இருக்கேன். அதையும் நீயே பாரு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கணவரோடு கிரிவலம் போனேன். பாதி வழியில், அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வாசலில் அந்த ஆலையின் பால் கேன் இருந்தது. டீ வாங்கிக் குடித்தபடியே பழைய கம்பெனிக்கு 'வரவில்லை, நன்றி' என்று செய்தி அனுப்பி, அவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. "கால் வலிக்குதா? ஆட்டோ பாக்கட்டுமா?" என்றார்.

"வேணாம். இப்படியே சுத்தி வந்தா வீடுதானே" என்றேன்.