ஏழு ஏக்கருக்கு ஒரு புல்வெட்டும் மெஷின்

எங்கள் மாட்டுக்கொட்டகையில் இப்போது மாடு கிடையாது. ஒரு மெஷின்தான் நிற்கிறது. மொத்தமே முக்கால் மணி நேரம் ஓடிய மெஷின். கைப்பிடியில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும்கூட இன்னும் உதிரவில்லை. ஓசூரில் இருக்கும் மகள் போன் போடும்போதெல்லாம், "அத வித்துத் தொலைங்கப்பா" என்கிறாள். விற்கலாம்தான். வாங்க வருகிறவன் சும்மா வாங்கிப் போவானா? "புதுசாட்டமே இருக்குது, ஏங்க விக்கறீங்க?" என்று கேட்பான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

நான் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவன். ஆயுசு முழுக்க, உள்ளே போ, உள்ளே போ என்று ஊரையே அதட்டிப் பழகிய வாய். வீட்டிலும் அதே வாய்தான். இண்டூர்ப் பக்கம் எங்களுக்கு ஏழு ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. எங்கள் ஊரில் நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். எங்களுடையது சுத்தமான கல்லாங்காடு. மண்ணைவிடக் கல் அதிகம். ரிட்டயரான வருஷம் அதில் இருநூறு செந்தூரா மாங்கன்று வைத்தோம். எல்லாம் ஒட்டுக்கன்று. வைத்தோம் என்று நான் சொல்வதே தப்பு. குழி தோண்டியது கூலி ஆட்கள். வளர்த்தது என் மனைவி. நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

போர்வெல் காய்ந்து போயிருந்தது. டிராக்டர் டேங்கர் வந்து நாலு இடத்தில் டிரம்களை நிரப்பிவிட்டுப் போகும். அங்கிருந்து இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு பக்கெட். இரண்டு கோடை அவள் அப்படித்தான் நடந்தாள். ஈரம் சட்டென்று காயக் கூடாது என்று ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் கல் பொறுக்கி வட்டமாக அடுக்கினாள். இருநூறு வட்டம். எந்த வரிசையில் எந்தக் கன்று துளிர் விட்டிருக்கிறது, எதில் எறும்பு ஏறியிருக்கிறது என்று வீட்டிலிருந்தபடியே சொல்லுவாள். அந்தக் கன்றுகளை அவள் எப்படிப் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

மூன்றாம் வருஷம் நல்ல மழை. மழை என்ன கன்றுக்கு மட்டுமா பெய்யும்? புல்லும் பார்த்தீனியமும் இடுப்பு உயரம் எழுந்துவிட்டன. கன்றுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. கார்த்திகை முடிகிற சமயம் அவள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, இப்ப பச்சையா இருக்குது. தை மாசம் காஞ்சி சருகாயிடும். ரோட்டுல போறவன் எவனாவது பீடிய வீசுனான்னா போச்சு, எல்லாம் போயிடும். கரட்டு மலைல வருசா வருசம் தீ புடிக்கறதப் பாக்கறமில்ல?"

அவள் சொன்னது சரி. ஆனால் யார் வெட்டுவது? களை எடுக்க வந்த பெண்கள் எல்லாம் இப்போது விடியுமுன் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். ஆடு விட்டால் துளிரைக் கடிக்கும். டிராக்டர் விட்டால் வேர் அறுந்துவிடும். களைக்கொல்லி அடிக்கலாம் என்றேன். "செடி மேல பட்டா?" என்று அழுவதுபோல் கேட்டாள். கடைசியில், மெஷின்தான் என்று முடிவாகி இரண்டு பேரும் தர்மபுரிக்குப் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் நல்ல மனுஷர். நான்கு சக்கரம் வைத்துத் தள்ளுகிற மெஷினை நான் ஆசையாகத் தடவிப் பார்த்ததும் சிரித்தார்.

"அது கம்பெனி வாசல்ல இருக்கற புல்லுக்குங்க. உங்க கல்லாங்காட்டுல ரெண்டு அடி நவுராது. தோள்ல மாட்டறத எடுங்க. அதுலயும் பிளேடு வேணாம். நைலான் நூலு போடுங்க, சுத்தற வேகத்துல அதுவே புல்ல அறுத்துடும். கல்லுல பட்டா நூலுதான் தேயும், வேற ஒண்ணும் ஆவாது. ஆனா பச்சையா இருக்கறப்பவே வெட்டிடணும். முத்திப்போச்சுன்னா நூலுக்கு அடங்காதுங்க."

"நூலுல புல்லு வெட்டறதா?" என்றேன் நான், கடையில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "ஏங்க, நான் மெஷின் கடைக்கு வந்தனா, பூக்கடைக்கு வந்தனா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "அவரு சொல்றதயே வாங்குங்க. இன்னிக்கே வாங்கிட்டுப் போயிடலாம்" என்றாள் மெதுவாக.

இரண்டு நாளில் மார்கழி பிறக்க இருந்தது. இன்று எடுத்தாலும் காட்டில் இறக்கி ஓட்டுவது மார்கழியில்தான். மார்கழியில் புதுசாக எதையும் தொடங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு தடவை அதை மீறி மொபெட் எடுத்து, அதிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டவன் நான். தை பிறக்கட்டும் என்றேன்.

"புல்லுக்கு மார்கழி, தைன்னு தெரியுமாங்க?"

"நடு ரோட்டுல பேசாத. வாய மூடிக்கிட்டு வா."

இதுதான் நான் சொன்னது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மார்கழி முழுக்க நான் போனில் புல்வெட்டும் மெஷின் வீடியோ பார்த்தேன். டூ ஸ்ட்ரோக் நல்லதா, ஃபோர் ஸ்ட்ரோக் நல்லதா என்று டீக்கடையில் உட்கார்ந்து மூன்று பேருக்குப் பாடம் நடத்தினேன். காட்டுப் பக்கம் ஒருநாள் போயிருந்தால் புல்லின் நிறம் மாறுவது தெரிந்திருக்கும். என் மனைவி தினமும் போனாள். பொழுது சாயும்போது வருவாள். முழங்கை வரைக்கும் கீறல். என்னாச்சு என்று ஒருநாள் கேட்டேன். "முள்ளுங்க" என்றாள். சரி என்று நான் மறுபடி வீடியோவைப் பார்த்தேன்.

பொங்கல் முடிந்து நல்ல நாள் பார்த்துக் கடைக்குப் போனேன். புல் அதற்குள் காய்ந்து வைக்கோலாகிவிட்டது. இனி நூலுக்கு அடங்காது என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரே குஷி. தோளில் மாட்டுகிற மெஷினும் அதற்கு மூன்று பல் இரும்பு பிளேடும் வாங்கினேன். அப்போதும் அந்த மனுஷர் விடவில்லை.

"கல்லுல பட்டா பொறி கெளம்புங்க, பாத்து. விடிகாலைல பனி ஈரம் இருக்கறப்பவே வெட்டுங்க. வெயில் ஏறுனா நிறுத்திடுங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலண்டரில் நல்ல நேரம் பத்தரைக்கு மேல்தான் இருந்தது.

பத்தரைக்குப் பூஜை போட்டேன். எலுமிச்சம்பழம் நசுக்கினேன். கற்பூரத்தை வரப்புக்கு வெளியே வெறும் மண்ணில் ஏற்றி, அணைந்த பிறகு தண்ணீர் வேறு தெளித்தேன். அவ்வளவு ஜாக்கிரதையாம்!

"ரோட்டோரத்துல இருந்து வெட்டிக்கிட்டு வாங்க. பயம் அங்கதான்" என்றாள் அவள்.

ரோடு எங்கள் காட்டுக்குத் தென்மேற்கில். எந்தக் காரியத்தையும் ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில்தான் ஆரம்பிக்க வேண்டும். வீட்டுக்குக் கடைக்கால் போடுவதிலிருந்து விதை விடுவது வரைக்கும் எங்களுக்கு அதுதான் முறை. அவளுக்கும் தெரிந்த முறைதானே என்று நான் அந்த மூலைக்கு நடந்தேன்; அவள் ரோட்டுக் கோடிக்கு வேறு வேலையாகப் போய்விட்டாள்.

முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. ரிட்டயரான பிறகு என் கையால் ஒரு வேலை நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு பிளேடு கல்லில் பட்டு 'டங்' என்றது. காய்ந்த புல்லுக்குள் ஒளிந்திருந்த அவளுடைய கல் வட்டம். சிவப்பாகப் பொறி தெறித்தது. இந்தக் கல்லை எவ அடுக்கச் சொன்னா என்று வாய்விட்டுத் திட்டினேன். நிறுத்தவில்லை. அடுத்த கன்று, மறுபடி டங். புகை வாசம் வந்தபோது இன்ஜின் சூடு என்று நினைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது தீ எனக்கு இடது பக்கமாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. தை மாசக் காற்று வடகிழக்கிலிருந்து தென்மேற்காக அடிக்கும். இது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் சாமி மூலை என்று போய் நின்ற இடம், காற்று உள்ளே நுழைகிற வாசல். ஏழு ஏக்கரும் அதற்கு முன்னால் காய்ந்து கிடந்தது. அவள் சொன்ன இடத்தில் ஆரம்பித்திருந்தால் அதே பொறி, அதே காற்று, தீயை ரோட்டில் கொண்டுபோய்த் தள்ளி அணைத்திருக்கும்.

அவள் டிரம்மிலிருந்து குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததைப் பார்த்தேன். ஒரு குடம் தண்ணீர். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வேப்பங்கொத்தை ஒடித்துக்கொண்டு வந்து அடித்தார்கள். "யம்மா, நீ வெளிய வா, பொடவ புடிச்சிக்கும்!" என்று அவளைத்தான் இழுத்தார்கள். மெஷினைத் தோளில் மாட்டியபடியே நான் நின்றேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. தீ ரோடு வரைக்கும் போய், எரிக்க எதுவும் இல்லாமல் தானாக நின்றது.

சாயங்காலம் அவள் வரிசை வரிசையாகப் போனாள். ஒவ்வொரு கன்றின் முன்னாலும் குனிந்து தண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சுரண்டுவாள், பார்ப்பாள், அடுத்ததுக்கு நகருவாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் நகத்தில் கரிதான் ஏறியது. ஐயோ, ஏதாவது ஒன்றிலாவது பச்சையைக் காட்டு என்று எந்தச் சாமியைக் கேட்பது? மூலை பார்த்து ஆரம்பித்த வேலை ஆயிற்றே.

ரோட்டோர வரிசைக்கு வந்தபோது பதினோரு கன்றுகள் பச்சையாக நின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி நாலாபுறமும் பத்தடி அகலத்துக்கு, புல் அடியோடு அறுக்கப்பட்டு வெறும் மண். மெஷின் அங்கே வரவேயில்லை. அரிவாளால் அறுத்த தடம். மார்கழி முழுக்க அவள் கையில் இருந்த கீறல் எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் கேட்டேன், முள் என்றாள், நம்பினேன்.

இந்த வருஷமும் மழை பெய்து புல் வந்துவிட்டது. அவள் தினமும் அரிவாளோடு போகிறாள். போன வாரம் தயங்கித் தயங்கி, "நூலு வாங்கிப் போட்டு நான் வந்து வெட்டித் தரட்டுமா?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"வேணாங்க. பதினோரு செடிக்கு எதுக்குங்க மெஷினு?" என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போனாள்.